ஜப்பானில் வசாபி ஐஸ்கிரீம்: எங்கே, எப்படிச் சாப்பிட்டால் காரம் தெரியும்?

தென்காற்று கேட்டது:

மே மாதம் குடும்பத்தோடு டோக்கியோ, மாட்சுமோட்டோ, கனசாவா போகிறோம். வசாபி (மூக்கில் ஏறும் காரமுள்ள ஜப்பானியத் தாவரம்) சேர்த்த ஸாஃப்ட் ஐஸ்கிரீம் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. ஆனால் இணையத்தில் பாதிப் பேர் "பச்சை நிற வெனிலாதான், காரமே இல்லை" என்கிறார்கள். மீதிப் பேர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்கிறார்கள். ஏன் இவ்வளவு வித்தியாசம்? எங்கள் வழியில் எங்கே நல்லதாகக் கிடைக்கும்? எங்களில் இரண்டு பேர் சைவம், முட்டையும் கிடையாது. சின்னப் பையன் ஒருவனும் வருகிறான்.

குளிர்மலை:

இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். அவர்கள் சாப்பிட்டது இரண்டு வேறு பண்டங்கள். வசாபியைப் பால் கலவையிலேயே கலந்து மெஷினில் உறைய வைப்பது ஒரு வகை. வெனிலா ஸாஃப்ட்டின் மேல், அப்போதுதான் துருவிய வசாபியை வைத்துத் தருவது இன்னொரு வகை.

வசாபித் தண்டில் காரம் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. துருவும்போது செல்கள் உடைகின்றன. தனித்தனியாக இருந்த சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் அப்போதுதான் சேர்ந்து, ஆலில் ஐசோதயோசயனேட் உண்டாகிறது. நம் வீட்டில் கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறும் நெடியும் இதேதான். இது சீக்கிரம் ஆவியாகும், கொழுப்பில் நன்றாகக் கரையும். பால் கலவையில் கலந்துவிட்டால் கொழுப்பு அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலும் ஐஸ்கிரீமின் குளிரில் ஆவி எழுவதும் குறைகிறது. மூக்குக்குப் போக வேண்டியது நாக்கிலேயே நின்றுவிடும். கலந்த வகையில் இலை வாசனையும் லேசான கசப்பும் கடைசியில் சிறு உறைப்பும் மட்டும் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் வழியில் என்றால் அசுமினோவில் உள்ள டாயோ வசாபி பண்ணை. மாட்சுமோட்டோவிலிருந்து ஓயிட்டோ லைன் ரயிலில் ஏறி ஹொதாகா ஸ்டேஷனில் இறங்க வேண்டும், சுமார் அரை மணி நேரம். ரயில் அடிக்கடி கிடையாது, திரும்பும் ரயிலின் நேரத்தையும் முதலிலேயே பார்த்து வையுங்கள். ஸ்டேஷனிலிருந்து பண்ணை மூன்று கிலோமீட்டர் அளவில். ஸ்டேஷன் வாசலிலேயே வாடகை சைக்கிள் கிடைக்கும், பாதையும் சமதளம். பையனோடு என்றால் டாக்ஸி நல்லது. பண்ணைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. 1915ல் தொடங்கிய இடம். மலைப் பனி உருகி நிலத்தடியில் இறங்கி ஊற்றாக வரும் நீர் வருடம் முழுக்க 13 டிகிரியை ஒட்டியே இருப்பதால்தான் அங்கே வசாபி விளைகிறது. வசாபிக்கு வெயில் ஆகாது. அதனால் மே மாதத்தில் வயல்கள் கறுப்பு நிழல்வலைக்குக் கீழே இருக்கும், படம் எடுக்க நினைத்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

அங்கே கிடைக்கும் வசாபி ஸாஃப்ட் கலந்த வகை, சாதுவானது. பையனுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். வெனிலாவோடு சேர்த்துத் தரும் கடைகளில் "மிக்குசு" என்று கேளுங்கள்.

காரம் வேண்டும் என்றால் பண்ணைக் கடையிலேயே ஒரு சின்ன வசாபித் தண்டும் கைக்கடக்கமான துருவியும் வாங்கி, ஒரு கப் வெனிலா எடுத்துக்கொள்ளுங்கள். இலைக்காம்பு இருக்கும் பக்கத்தைச் சீவிவிட்டு அங்கிருந்தே துருவ ஆரம்பிக்க வேண்டும். அழுத்தாமல், வட்டமாக, மெதுவாக. சுறாத்தோல் துருவி என்றால் நைஸாக, பசை மாதிரி வரும். எவ்வளவு நைஸாக வருகிறதோ அவ்வளவு செல் உடையும், அவ்வளவு காரம். துருவியதை ஓரிரு நிமிடம் விட்டால் காரம் ஏறும். கால் மணி நேரம் தாண்டினால் இறங்கிவிடும்.

கால் டீஸ்பூன் போதும். ஐஸ்கிரீமில் போட்டுக் கலக்கவே கலக்காதீர்கள், கலக்கினால் மறுபடியும் கொழுப்பு அதை விழுங்கிவிடும். கரண்டியில் ஐஸ்கிரீம் எடுத்து அதன் மேல் ஒரு துளி வசாபி வைத்து வாயில் போடுங்கள். முதலில் இனிப்பு, பிறகு மூக்கில் ஒரு வீச்சு, உடனே பால் வந்து அதை அணைக்கும். அந்த மூன்றும் வரிசையாக வருவதுதான் இதன் அருமை.

ரயில்பிரியன்:

மேலே துருவி வைத்துத் தரும் வகைக்குப் பேர் போன இடம் இசு தீபகற்பத்தில் ஜோரென் அருவி. ஷுசென்ஜி ஸ்டேஷனிலிருந்து பஸ் போகிறது. கடையிலேயே பச்சை வசாபியைத் துருவி ஸாஃப்ட் மேல் வைத்துத் தருவார்கள். அந்த அருவி இருக்கும் ஷிசுவோகா மாநிலத்தின் வசாபி சாகுபடி 2018ல் உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் அது டோக்கியோவுக்குத் தென்மேற்கே, உங்கள் வழியிலிருந்து விலகி இருக்கிறது. இதற்காக மட்டும் ஒரு நாளைச் செலவழிக்க வேண்டாம், குளிர்மலை சொன்ன முறையிலேயே அந்தச் சுவை கிடைத்துவிடும்.

துருவ வசதியில்லாமல் டியூப் வசாபி வாங்குவதாக இருந்தால் லேபிளைப் பாருங்கள். "ஹொன்வசாபி ஷியோ" என்றால் வசாபியில் பாதிக்கு மேல் உண்மையான வசாபி. "ஹொன்வசாபி இரி" என்றால் பாதிக்கும் குறைவு, மிச்சம் ஹார்ஸ்ராடிஷ் (அதே மாதிரிக் காரமுள்ள வேறொரு வேர்). டியூபில் உப்பும் இருக்கும், ஐஸ்கிரீமோடு அது கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரியும்.

தென்காற்று:

அருமை, அசுமினோவே போகிறோம். சைவ விஷயத்தை எப்படி விசாரிப்பது? கனசாவாவில் தங்கத்தாள் ஒட்டிய ஐஸ்கிரீம் சாப்பிடலாமா? நம் ஊரில் இனிப்புகள் மேல் ஒட்டும் வர்க் (வெள்ளித்தாள்) பற்றிக் கேள்விப்பட்டதால் ஒரு தயக்கம்.

பால்கோவா:

பாக்கெட்டில் வரும் ஐஸ்கிரீமில் முட்டை, பால், கோதுமை இருந்தால் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்பது ஜப்பானியச் சட்டம். கவுன்டரில் பிழிந்து தரும் ஸாஃப்ட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு வாக்கியம் போதும்: "தமாகோ வா ஹைத்தே இமாசு கா?" (முட்டை இருக்கிறதா?), "செராச்சின் வா ஹைத்தே இமாசு கா?" (விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறதா?). ஜப்பானிய எழுத்தில் போனில் எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது, கடைக்காரர் மிக்ஸ் பாக்கெட்டையே எடுத்துப் பார்த்துச் சொல்லலாம். எதைக் கேட்டாலும் கோன் பற்றித் தனியாகக் கேளுங்கள், முட்டை பெரும்பாலும் ஒளிந்திருப்பது அங்கேதான். சந்தேகம் என்றால் "கப்பு" என்று சொல்லிக் கப்பில் வாங்கிவிடுங்கள்.

தங்கத்தாள் விஷயம்: நம் நாட்டில் வர்க் தட்ட விலங்குத் தோலும் குடலும் பயன்பட்டன. கனசாவாவில் தட்டுவது தாளுக்கு நடுவே. ஆனால் பழைய முறையில் அந்தத் தாளைப் பதப்படுத்தும்போது வைக்கோல் சாம்பல் நீரோடு முட்டையும் சேர்ப்பதுண்டு. முட்டை விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பானவர்கள் என்றால் தங்கத்தாளை விட்டுவிடலாம், மற்றவர்களுக்குத் தடையில்லை.

சுவை என்று பார்த்தால் தங்கத்துக்கு எந்தச் சுவையும் கிடையாது. தாளின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான், மூச்சுக்காற்றிலேயே கிழியும். கனசாவாவின் ஹிகாஷி சாயா தெருவில் காற்று அடித்தால் பறந்துபோய்க் கன்னத்தில் ஒட்டும். கடைக்குள்ளேயே படம் எடுத்துவிட்டு, உதடு படாமல் கரண்டியால் சாப்பிடுங்கள். எல்லோருக்கும் ஒவ்வொன்று வேண்டியதில்லை. ஒன்றைப் பகிர்ந்துகொண்டு மிச்சக் காசை வேறு உள்ளூர் சுவைக்கு வைத்துக்கொள்வதே என் யோசனை.

குளிர்மலை:

ஒன்று விட்டுப்போச்சு. மீந்த வசாபித் தண்டை ஈரமான டிஷ்யூவில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ஹோட்டல் ஃபிரிட்ஜில் வையுங்கள், டிஷ்யூவைத் தினமும் மாற்றினால் பயணம் முடியும்வரை தாங்கும். கனசாவாவில் சாதா வெனிலாவோடு சேர்த்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பச்சைத் தாவரம் என்பதால் உரிய சான்றிதழ் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது.