'தேன்'-க்கு அப்புறம் 'டு' வருமா, வராதா?

பசித்தபேனா:
வணக்கம் நண்பர்களே, மண்டை காய்கிறது. ஓர் ஆங்கிலக் கட்டுரையில் "இட் இஸ் ஈஸியர் டு ஆஸ்க் தேன் ஆன்சரிங்" என்று எழுதியிருந்தேன். பிழை பார்த்தவர் கடைசிச் சொல்லை அடித்து 'டு ஆன்சர்' என்று மாற்றினார். சரி, தேன் வந்தால் கூடவே டு வரும் என்று முடிச்சுப் போட்டுக்கொண்டேன். அடுத்த பத்தியில் "ஐ வுட் ராதர் வாக் தேன் டு வெயிட்" என்று எழுதினால், அங்கே டு-வை அடித்துவிட்டார்! காரணம் கேட்டால், "காதுக்கு இடிக்கிறது" என்கிறார். என் காதுக்கு எதுவும் இடிக்கவில்லை. விதி ஏதும் உண்டா? (தேன் என்று நான் சொல்வது ஒப்பிடும் சொல்லை. நாக்கில் விடுவதை அல்ல.)

மரப்பல்லி:
இரண்டு திருத்தமும் சரி. இரண்டுக்கும் விதி ஒன்றே. தேனுக்கு முன்னால் வினை எந்த வடிவில் நிற்கிறதோ, பின்னாலும் அதே வடிவம். 'ஈஸியர் டு ஆஸ்க்' என்று தொடங்கினீர்கள், அதனால் 'டு ஆன்சர்'. 'வுட் ராதர்' தன் பக்கத்தில் டு-வை அண்டவிடாது. 'வாக்' மொட்டையாக வரும், 'வெயிட்'டும் மொட்டையாகவே வரும்.

நீங்கள் சறுக்கியது தமிழால்தான் என்று நினைக்கிறேன். "பதில் சொல்வதைவிடக் கேட்பது எளிது" என்பதில் சொல்வது, கேட்பது இரண்டுமே தொழிற்பெயர். ஆங்கிலத்தில் தொழிற்பெயருக்கு டு-வும் போடலாம், இங்-கும் போடலாம். நீங்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டீர்கள். போதாக்குறைக்கு நம் 'விட' முதலிலேயே வந்துவிடும். அவர்களுடைய தேன் பின்னால் வருகிறது. அதற்குள் எப்படித் தொடங்கினோம் என்பது மறந்துபோகும். இரண்டையும் இங் ஆக்கி "ஆஸ்கிங் இஸ் ஈஸியர் தேன் ஆன்சரிங்" என்று எழுதினாலும் பிழையில்லை.

பசித்தபேனா:
புரிந்த மாதிரி இருக்கிறது. ஆனால் "ஐ டிசைடட் டு வாக் ராதர் தேன் வெயிட்" என்று படித்திருக்கிறேனே? முன்னால் டு இருக்கிறது, பின்னால் காணோம்.

மரப்பல்லி:
முன்னால் சொன்ன டு-வே பின்னாலும் செல்லும் என்று விட்டுவிடுவார்கள். 'ராதர் தேன்' வந்தால் இப்படி மொட்டை வினை வருவதுதான் வழக்கம். 'ஈஸியர் டு ஸ்டார்ட் தேன் ஃபினிஷ்' என்றும் சிலர் எழுதுவார்கள். நான் அங்கே டு-வை விடமாட்டேன், தெளிவாக இருக்கும்.

கோடுபோட்டநோட்டு:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். 'ப்ரிஃபர்' பக்கம் போனால் கவனம். "ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு வெயிட்டிங்" என்பதில் தேனே கிடையாது. அந்த டு வினைக்கு முன் வரும் டு அல்ல, பெயருக்கு முன் வரும் டு. அதனால்தான் பின்னால் இங்.

இன்னொன்று, "ஷி நோஸ் பெட்டர் தேன் டு ஆர்க்யூ". இதை "வாதாடுவதைவிட நன்றாகத் தெரியும்" என்று மொழிபெயர்த்து ஒருமுறை மாட்டிக்கொண்டேன். வாதாடுமளவுக்கு அவள் விவரம் தெரியாதவள் இல்லை என்பதுதான் பொருள். அதாவது, வாதாடமாட்டாள்.

பசித்தபேனா:
இதில் தேனுக்கு முன்னால் ஒப்பிட வினையே இல்லையே, பிறகு டு எப்படி வந்தது?

கோடுபோட்டநோட்டு:
மரபுத்தொடர். மரப்பல்லி சொன்ன விதி இங்கே செல்லாது. டு-வோடு சேர்த்து அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பசித்தபேனா:
சரி. பிழை பார்த்தவரிடம் போட்ட சண்டையை வாபஸ் வாங்கப் போகிறேன்.