மர வீடுகளை அடையாளம் காணும் மாடல்: டெஸ்டில் 94 சதவீதம், புது வீட்டில் சொதப்பல்

கழுக்கோல்:
தக்கலை, திருவட்டார், இரணியல் பக்கத்தில் 22 பழைய மர வீடுகள், மொத்தம் 640 படம். நாலுகெட்டு, அறப்புரை, மங்களூர் ஓட்டு வீடு என்று மூன்று வகையாகப் பிரித்து படங்களை வகைபிரிக்கும் ரெஸ்நெட்-50 மாடலை இந்தப் படங்களில் மேலும் பயிற்றுவித்தேன் (ஃபைன்டியூன்). சோதிக்க ஒதுக்கிய படங்களில் (டெஸ்ட் செட்) 94 சதவீதம் சரி. கொல்லங்கோட்டில் எடுத்த புதுப் படங்களைக் கொடுத்தால் எல்லாமே நாலுகெட்டு என்கிறது. எங்கே பிசகு?

எபாக்_30:
படங்களைக் குலுக்கித்தானே பிரித்தீர்கள்? அதுதான் வினை. ஒரே முகப்பு பயிற்சிப் படங்களிலும் (டிரெயின்) இருக்கும், இரண்டடி தள்ளி எடுத்தது டெஸ்டிலும் இருக்கும். மாடல் பாணியைப் படிக்கவில்லை, வீட்டை மனப்பாடம் செய்திருக்கிறது. சைக்கிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகத்தில் குரூப்கேஃபோல்ட் எடுத்து, குரூப்பாக வீட்டு எண்ணைக் கொடுங்கள்; ஒரு வீட்டின் படங்கள் இரண்டு பக்கமும் சிதறாது. 94 இறங்கும், இறங்கட்டும். அப்புறம் கிராட்-கேம் போட்டுப் பாருங்கள், மாடல் படத்தில் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுத்தது என்று சிவப்பில் காட்டும். சிவப்பு வீட்டை விட்டுத் தென்னை மூட்டில் விழுந்தால் சங்கதி புரிந்துவிடும்.

உளியும்_கொட்டாப்புளியும்:
அதற்கு முன்னாலேயே லேபிளில் கோளாறு மக்கா. நாலுகெட்டு என்பது நடுமுற்றத்தைச் சுற்றிய தரையமைப்பு. வாசலில் நின்று எடுத்த படத்தில் தெரியாது. அறப்புரை நெல் அறையை வைத்து வந்த பெயர். மங்களூர் ஓடோ வெறும் கூரைப்பொருள். ஒரே வீட்டில் மூன்றும் இருக்கலாம், பிறகு மாடல் எதைச் சொல்லும்?

ஓட்டை வைத்து வயசும் சொல்ல முடியாது. பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-இல். அதற்கும் முந்தைய வீட்டில் கூரையை மட்டும் மாற்றியிருப்பார்கள். ஓட்டுக்கு அடியில் பாருங்கள். கழுக்கோல்களை (சாய்வாக இறங்கும் கூரை மரங்கள்) துளைத்து ஊடே வளை (குறுக்குச் சட்டம்) செருகியிருந்தால் பழைய தச்சுமுறை. இரும்பாணி அடித்துச் சேர்த்திருந்தால் பெரும்பாலும் பிற்காலக் கைவேலை. வளை, உத்தரம், முகப்பு, சாருபடி (சாய்மான இருக்கை), நிரைப்பலகை (பலகைச் சுவர்) என்று உறுப்புகளுக்கே படத்தில் பெட்டி வரைந்து லேபிள் போடுங்கள். பாணியை அந்தப் பட்டியலிலிருந்து நீங்களே தீர்மானிக்கலாம்.

எபாக்_30:
சரியான பேச்சு. ஆனால் ரெஸ்நெட்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 224 பிக்சலில் அந்தத் துளை தெரியாது. 4000 பிக்சல் அகலப் படம் சுமார் 18 மடங்கு சுருங்கும். 36 பிக்சல் துளை 2 பிக்சலாகிவிடும். முழுப்படத்தை 640 பிக்சல் சதுரங்களாக, 20 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வெட்டி, படத்தில் பொருள்களைப் பெட்டி போட்டுக் கண்டுபிடிக்கும் யோலோ மாடலுக்குக் கொடுங்கள். ஆக்மென்டேஷனில் (படங்களை மாற்றிப் பெருக்குவதில்) இடவல ஃபிளிப் சரி, தலைகீழ் வேண்டாம். கூரை மேலே இருப்பதே ஒரு தடயம்.

இறவாணம்:
படம் எடுப்பதிலும் கவனம். இறவாணத்துக்கு (கூரையின் தாழ்ந்த விளிம்பு) அடியில் இருட்டு, வெளியே வெயில். போன் நைட் மோடு மர ரேகையை வழித்துவிடும். ஸ்டாண்டில் வைத்து, வெளிச்ச அளவை மாற்றி மூன்று எக்ஸ்போஷர் எடுங்கள். செதுக்கு வேலைக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நேரே அடித்தால் குழிவு தட்டையாகிவிடும்.

பத்மநாபபுரம் அரண்மனைப் படங்களைக் குவிக்காதீர்கள், மாடலுக்கு எல்லாம் அரண்மனையாகவே தெரியும். அங்கே கறுப்புத் தரை வேறு கண்ணாடி மாதிரி மின்னும். தரையில் விழும் பிம்பத்துக்கும் தூண் என்று பெட்டி போட்டுவிடாதீர்கள்.

கழுக்கோல்:
அப்போ 640-ஐயும் மறுபடி லேபிள் பண்ணணுமா?

உளியும்_கொட்டாப்புளியும்:
வேண்டாம். முதலில் 150. அதே 150-ஐ இரண்டு பேர் தனித்தனியாகக் குறிக்கட்டும். பெட்டி ஒத்துப்போகாத படங்களை மட்டும் கூரை வேலை தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.