முதியோர் இல்லத்தில் பழம்பொருள் அமர்வு: பலனை எப்படி அளப்பது?

கொடுக்காப்புளி:
முதியோர் இல்லம் ஒன்றில் வாரம் ஒரு மணி நேரம், 8 வாரம். பாக்குவெட்டி, அரிக்கேன் விளக்கு, மரக்கால், ஓலைப்பெட்டி என்று கையில் கொடுத்துப் பேச வைக்கிறோம். 24 பேர். "எல்லாருக்கும் பிடித்திருந்தது" என்றால் நிதி தருபவர்கள் ஏற்பதில்லை. எதை வைத்து, எப்போது அளப்பது?

மணிமுத்தாறு:
டபிள்யூஎச்ஓ-5 போதும், அதாவது மனநலனை அளக்க உலக சுகாதார நிறுவனம் தந்த வினாத்தாள். ஐந்தே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு வரும். 13 எடுத்தவருக்கு 52. 10 புள்ளி நகர்ந்தால் மாற்றம் என்பார்கள். ஆனால் இது நான்கு நான்காகத்தான் ஏறும், ஆக ஒருவருக்குக் குறைந்தது 12 வேண்டும்.

கேள்விகள் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. அமர்வு முடிந்து டீ குடிக்கும்போது கேட்டால் அந்த நேரத்துச் சந்தோஷம்தான் பதிலாக வரும். தொடங்குவதற்கு முன் ஒருமுறை, கடைசி அமர்வுக்கு இரண்டு நாள் கழித்து ஒருமுறை, 3 மாதம் கழித்து இன்னொருமுறை. தூங்கி எழும்போது தெளிவாக இருந்தீர்களா என்ற கேள்வி முட்டிவலியாலேயே சரியும். அதற்காக அதை எடுத்துவிடாதீர்கள், ஐந்தும் சேர்ந்ததுதான் அளவுகோல். 50-ஐத் தாண்டாதவர்களை மருத்துவர் பார்க்கட்டும்.

வேப்பம்பூ:
அளவுகோலைவிடக் கேட்கும் ஆள்தான் சிக்கல். பாக்குவெட்டியைக் கையில் கொடுத்த பிள்ளையே வந்து கேட்டால் "எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் வரும். அமர்வில் தலைகாட்டாத ஒருவர் கேட்கட்டும். வாசித்துக் காட்டலாம், விளக்கம் கூடாது.

சீட்டுக் குலுக்கி 12 பேருக்கு இப்போது, மீதி 12 பேருக்கு மூன்றாவது அளவீடு முடிந்தபின். காத்திருப்பவர்களையும் அதே நாட்களில் அளங்கள். இல்லாவிட்டால் தீபாவளிக்குப் பேரன் வந்துபோன சந்தோஷமும் உங்கள் கணக்கில் ஏறும். ரொம்பச் சோர்ந்தவர்களாகப் பொறுக்கிச் சேர்த்தாலும் இதே கதைதான். அடிமட்டத்தில் அளந்தவர்கள் ஒன்றும் செய்யாமலே கொஞ்சம் மேலே வருவார்கள். பாதியில் நின்றவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள், பிடிக்காமல் நின்றவராகவும் இருக்கலாம். 12-க்கு 12 வைத்துக்கொண்டு "நிரூபித்தோம்" என்றும் எழுத வேண்டாம்.

கொடுக்காப்புளி:
காத்திருப்பவர்களுக்கு வாரம் ஒரு டீயும் அரட்டையும் வைக்கலாமா?

வேப்பம்பூ:
தாராளமாக. அப்போதுதான் பலன் பழம்பொருளாலா, கூடிப் பேசியதாலா என்று பிரியும். ஆனால் இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கும். நிதி தருபவரிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.