வம்சத்தைத் தேடப் பத்திர ஆபீஸ் போதுமா? வடாற்காட்டுக்காரர்களின் விவாதம்

பாலாற்றங்கரை:
"நமக்குப் பாட்டன் பேருக்கு மேல ரெக்கார்டே கிடையாது, வெள்ளைக்காரனுக்குத்தான் சர்ச் புக்கு உண்டு" என்று போன வாரம் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வடாற்காட்டில் ஒரு காணி நிலம் வைத்திருந்த குடும்பமானாலும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டே நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போகலாம்.

வீட்டில் தாய்ப்பத்திரம் (நிலம் முன்பு கைமாறிய மூலப் பத்திரம்) இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறியிருக்கும் 1ம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறது 1908ம் வருஷப் பதிவுச் சட்டம், 57ம் பிரிவு. "உனக்கு என்ன பாத்தியம்?" என்று கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். உயில் மட்டும் 3ம் புத்தகம். எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நகல்.

கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் பொக்கிஷம். எங்கள் வீட்டில் 1920களின் பாகப்பிரிவினை ஒன்று இருக்கிறது. "வட ஆற்காடு ஜில்லா வேலூர் தாலுகா" என்று ஆரம்பித்து, நாலு அண்ணன் தம்பிகள், இறந்துபோன மூத்தவரின் மைனர் பிள்ளைகள், அவர்களுக்கு கார்டியனாகத் தாயார், அடியில் ஒரு கையெழுத்து, மீதியெல்லாம் கைநாட்டு. சக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தை, யாரும் படிப்பதில்லை. "இன்னார் நிலத்துக்கு மேற்கு, இன்னார் கொல்லைக்கு வடக்கு" என்று வரும் அந்த இன்னார்கள் பாதிக்கு மேல் எங்கள் பங்காளிகளே. முந்தின தலைமுறையில் ஒன்றாகக் கிடந்த நிலம் துண்டானது அப்படித்தான் தெரிந்தது.

அணைக்கட்டு செல்வி:
அண்ணே, "ஒரு காணி நிலம் வைத்திருந்த குடும்பமானாலும்"னு சாதாரணமா சொல்லிட்டீங்க. அந்த ஒரு காணி இல்லாதவங்கதான் எங்க தெரு முழுக்க. எங்க முப்பாட்டன் படியாள், படி நெல்லுக்குப் பண்ணையில உழைச்சவரு. அடங்கல்ல, அதான் ஊர் நிலக் கணக்குல, பேர் ஏற நிலம் வேணும். பத்திரத்துல பேர் ஏற விக்கவோ வாங்கவோ ஏதாவது இருக்கணும். கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) எழுதினது தீர்வை, அதான் நில வரி, கட்டினவங்க கணக்கு. அதையே வம்ச வரலாறுன்னு சொன்னா, ஊர்ல பாதிப் பேருக்கு வம்சமே இல்லைன்னு ஆகிடும்.

உங்க பத்திரத்தையே பாருங்க. அந்தத் தாயார் புருஷன் செத்ததாலதான் உள்ள வந்தாங்க. அவரு இருந்திருந்தா அவங்க பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? கட்டிக்கொடுத்த அக்கா தங்கச்சிங்க எங்க?

எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு சாவு விழுந்தா யாருக்கு ஆள் அனுப்பணும், யாருக்குத் தீட்டு, யாரு மொட்டை போடணும், எந்த வீட்லேர்ந்து கோடித் துணி வரணும்னு வரிசையா சொல்லும். அதுல ஒரு வீட்டை விட்டுட்டா கருமாதிக்குள்ள சண்டை வந்துடும். அதனால அந்தக் கணக்குல தப்பு நிக்காது.

பாலாற்றங்கரை:
செல்வி, தீட்டுக் கணக்கு உயிரோடு இருக்கிறவர்களை நன்றாகச் சொல்லும். மேலே ஏறும்போது தடுமாறும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். முனுசாமி மகன் சின்னசாமி, சின்னசாமி மகன் முனுசாமி. கொஞ்ச காலம் போனால் பேச்சில் இரண்டு முனுசாமியும் ஒருவராகிவிடுகிறார்கள். தாது வருஷப் பஞ்சத்தைப் (1876-78) பார்த்தவர் தாத்தாவா பேரனா என்பதைத் தேதி போட்ட காகிதம்தான் பிரிக்கும்.

நிலமில்லாதவர் பெயரே இல்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. 1858ல் சென்னை மாகாணத்தில் மானிய நிலங்களை விசாரிக்க இனாம் கமிஷன் உட்கார்ந்தது. அது எழுதிய பதிவேடுகளில் கோயில் மானியம் மட்டுமில்லை, ஊர் வேலை செய்தவர்களுக்கு விட்ட ஊழிய மானியமும் உண்டு. முதலில் மானியம் பெற்றவர், அன்றைக்கு அனுபவித்தவர், அவர் வயது, முன்னவருக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் அதில் வரும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். பசலி வருஷம் (வருவாய்க் கணக்கு ஆண்டு) கண்டு மிரள வேண்டாம், 590 கூட்டினால் ஆங்கில வருஷம்.

குடியாத்தம் தறி:
காகிதத்துல இருந்தா வேதவாக்கா சார்? 1979லேர்ந்து நிலப் பதிவேட்டைப் புதுப்பிக்கிற யுடிஆர் திட்டம் நடந்துச்சே, அதுல பேரு மாறினதும் அப்பன் பேரு விட்டுப்போனதும் எத்தனை! இன்னிக்கும் "யுடிஆர் பிழைத் திருத்தம்"னு தாலுகா ஆபீஸுக்கு மனு போயிட்டேதான் இருக்கு. எங்கப்பாவோட பிறந்த தேதி ஸ்கூல்ல சேர்த்த அன்னிக்கு வாத்தியார் போட்டது. சென்சஸ்லயாவது வீட்டு விவரம் பார்க்கலாம்னா, 1948 சட்டத்தோட 15ம் பிரிவு தனி ஆள் விவரத்தைக் காட்டக் கூடாதுங்குது.

எங்களுக்கு நிலம் இல்லை, தறிதான். பூர்வீகம் குடியாத்தம் இல்லைன்னு காட்டிக்கொடுத்தது குலதெய்வம். வருஷா வருஷம் ஆடியில போளூர் பக்கம் பச்சையம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போவோம். ஏன் அவ்வளவு தூரம்னு பூசாரியைக் கேட்டா, கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவுன்னு வாங்குற தலைக்கட்டு வரி நோட்டை எடுத்துட்டு வந்தாரு. மஞ்சக்கறை படிஞ்ச நீள நோட்டு. எங்க வகையறா பேரைப் போட்டு, கீழ வீடு வீடா வரி கட்டினவங்க, புதுசா கல்யாணமாகித் தனித் தலைக்கட்டு ஆனவங்க, ஊரை விட்டுப் போனவங்க எதிர்ல "குடியாத்தம்"னு ஒரு குறிப்பு. எந்த ஆபீஸ்லயும் இது கிடைக்காது.

காட்பாடி ஜங்ஷன்:
நான் கிறிஸ்தவக் குடும்பம். அமெரிக்கன் ஆற்காடு மிஷன் 1853ல் ஸ்கடர் சகோதரர்களால் தொடங்கப்பட்டது. இங்கே கிராமச் சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். எங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் என் கொள்ளுப்பாட்டியின் பழைய பெயர், புதுப் பெயர், தகப்பன் பெயர் மூன்றும் இருக்கின்றன. செல்வி அக்கா, நிலம் இல்லாதவர்களுக்கும் காகிதம் உண்டு. அது தாலுகா ஆபீஸில் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று கப்பல் பட்டியல். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மட்டும் சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், பெரும்பகுதி சென்னை வழியாக. வடாற்காட்டு ஆட்கள் ஏராளம். ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். டர்பனிலிருந்து ஒரு பெண்மணி தன் பூட்டனின் ஊரைக் கேட்டு எனக்கு எழுதினார். "வாலாஜா தாலுகா" தெளிவு. கிராமத்தின் பெயரை ஆங்கிலத்தில் சிதைத்திருந்தார்கள். வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் பொருத்தமான ஊர்களைக் குறித்தோம்.

அணைக்கட்டு செல்வி:
தம்பி, சபையில சேர்ந்தா ஒரு பேரு, கப்பல் ஏறினா ஒரு பேரு. இங்கயே இருந்து நாத்து நட்டுச் செத்தவங்களுக்கு? அதைத்தான் கேக்குறேன்.

இன்னொன்னும் சொல்லணும். அந்தப் பதிவேடுகளைப் படம் எடுத்து அப்படியே இணையத்துல போடாதீங்க. சாதிப் பத்தி இருக்கு. எவ்வளவோ பேர் ஊர் மாறி, பேர் மாறி, நிம்மதியா இருக்காங்க. அவங்க கொள்ளுப்பேத்திக்கு வரன் பார்க்கிறப்ப ஒருத்தன் அதைத் தோண்டி எடுப்பான்.

பாலாற்றங்கரை:
படத்தைப் பொதுவில் போட வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படியெடுக்கும்போது சாதிப் பத்தியை அழிக்கக் கூடாது. அழித்துவிட்டால் யாருக்கு மானியம் விட்டார்கள், யாருக்கு விடவில்லை என்று நாளைக்கு எதை வைத்துக் காட்டுவோம்? நீங்கள் சொல்லும் அநியாயத்துக்கும் அதுதானே சாட்சி.

வாணியம்பாடி:
பெரியவங்க நடுவுல குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். எங்க தாதா (தாத்தா) குடும்பம் 1900 வாக்கில் தோல் வியாபாரம். வடாற்காடு ரெக்கார்டுல தேடினா ஒண்ணுமே வரலை. எங்க போகணும்?

பாலாற்றங்கரை:
தம்பி, ஜில்லா எல்லைதான் காரணமாக இருக்கும். வாணியம்பாடி அப்போது திருப்பத்தூர் தாலுகா. அந்தத் தாலுகா 1911 வரை சேலம் ஜில்லாவில் இருந்தது. சேலம் ஆவணங்களில் தேடுங்கள். வடாற்காட்டுக்குத் தலைநகரும் அதுவரை சித்தூர்தான். சித்தூர் தனி ஜில்லா ஆன பிறகே வேலூர். பிறகு 1989ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். எந்த வருஷத்துக் காகிதமோ அந்த வருஷத்து ஜில்லாவில் தேட வேண்டும்.

குடியாத்தம் தறி:
அதுக்கு முன்னாடி உங்க ஜமாஅத்துல நிக்காஹ் தப்தரை, அதான் கல்யாணப் பதிவேட்டை, கேளுங்க பாய். மாப்பிள்ளை, பொண்ணு, ரெண்டு பேரோட வாப்பா பேரு, சாட்சி, மஹர் (மாப்பிள்ளை பொண்ணுக்குக் கொடுக்கிறது) எல்லாம் இருக்கும். பொண்ணோட பேரு இருக்கு பாருங்க, செல்வி அக்கா.

அணைக்கட்டு செல்வி:
பார்த்தேன், சந்தோஷம். பாலாற்றங்கரை அண்ணே, எங்க ஊர்ப் பேரைத் தனியா அனுப்பியிருக்கேன். எழும்பூர் போனா ஊழிய மானியப் பக்கத்தைப் பாருங்க. எங்காளுங்க பேரு இருந்தா ஆயாகிட்ட நானே படிச்சுக் காட்டுறேன். இல்லைன்னா, ஆயா சொன்ன ஏழு பேரையும், அதுல நாலு பொம்பளைங்க, "ஆயா சொன்னது"ன்னு போட்டே வம்சாவளியில எழுதணும். ஆதாரம் இல்லைன்னு கட்டத்தைக் காலியா விடக் கூடாது. அதுக்குச் சரின்னா மேல பேசலாம்.