வளவைத் துப்புரவாக்கினால் விறகு உங்களுக்கு: இது கூலியா, ஊர் வழக்கமா?

வெள்ளவத்தை வாசி
வவுனியாப் பக்கம் எங்களுக்கு ஒரு வளவு இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கொழும்புக்கு வந்த பிறகு பற்றை பிடித்துக் கிடக்கிறது. இரண்டு பெரிய வேம்பு, பட்டுப்போன ஒரு மா, சுற்றிவர வேலியில் கிளுவையும் சீமைக்கிளுவையும். பக்கத்தில் இருக்கிற குடும்பம் ஒன்று, வளவைத் துப்புரவாக்கி வேலியையும் அடைத்துத் தருகிறோம், வெட்டுகிற விறகை எடுத்துக்கொள்கிறோம், காசு வேண்டாம் என்று கேட்டது. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இந்தக் கதை வந்ததும் தங்கச்சி, ஆட்களைச் சும்மா வேலை வாங்குகிறாய் என்று சண்டைக்கு வந்துவிட்டாள். ஊரில் காலங்காலமாக நடக்கிறதுதானே இது? என்ன சொல்கிறீர்கள்?

வன்னியான்
தங்கச்சி கொழும்பில் பிறந்தவவோ? ஊரில் எல்லாவற்றுக்கும் காசு எண்ணிக் கொடுப்பதில்லை தம்பி. தேங்காய் பிடுங்குகிறவருக்குக் காய், வயலில் அருவி வெட்டினவருக்கு நெல். தென்னங்காணி கூட்டிக் கொடுத்தவ மட்டையும் பாளையும் கட்டிக்கொண்டு போவா. யாரும் யாருக்கும் கடன்பட்டதாக நினைப்பதில்லை. காட்டுக்குப் போய் விறகு பொறுக்கவும் இப்போது சுலபமில்லை, வனத் திணைக்களக்காரர் ஒரு பக்கம், யானை ஒரு பக்கம். வீட்டு வாசலில் விறகு கிடைக்கிறது என்றால் அவர்களுக்கு அது காசை விடப் பெரிது. இன்னொன்றையும் பாருங்கள். நீங்கள் வருசத்துக்கு ஒருக்கால் போகிறவர். வேலி விழுந்தால் சொல்லவும், மாடு உள்ளே வந்தால் கலைக்கவும் ஆள் வேண்டும். நாள்கூலிக்கு வந்தவன் அன்று பின்னேரத்தோடு போய்விடுவான்.

கொட்டாஞ்சேனைத் தோட்டத்தான்
வன்னியான் அண்ணே, நீங்க சொல்றதை நான் வேறு இடத்தில் கேட்டு வளர்ந்தவன். தேயிலை கவ்வாத்து வெட்டினதும் மலை முழுக்க மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கொப்பு, கிடக்கும். அம்மா காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போய், நாள் முழுக்கக் கொழுந்தெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு மலையேறி மிலாறு பொறுக்கித் தலையில் கட்டோடு இறங்குவார். கையிலும் கழுத்திலும் கீறல். அந்த நேரத்துக்குப் பேரும் இல்லை, காசும் இல்லை. ஆனால் சம்பளக் கதை வந்தால் போதும், லயத்து வீடு சும்மா, விறகு சும்மா, வைத்தியம் சும்மா என்று அவர்கள் பக்கம் கணக்கு நீளும். நாளைக்கு 1,000 ரூபாய் கிடைக்க 2021 மார்ச் வரை இழுபட்டோம்.

விறகைக் கொடுப்பது பிழை என்று சொல்லவில்லை. விறகைக் காட்டி காசை மறைப்பதைத்தான் சொல்கிறேன். "அவர்கள்தான் காசு வேண்டாம் என்றார்கள்" என்ற பேச்சை நம்பாதீங்க. கேட்டால் உள்ளதும் போய்விடும் என்று நினைக்கிற ஆள் காசு கேட்க மாட்டான்.

வன்னியான்
தோட்டம் வேறு, எங்கள் ஊர் வேறு. அங்கே துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் ஒரு மலையே கிடக்கிறது. இங்கே ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூடம்.

கொட்டாஞ்சேனைத் தோட்டத்தான்
ஒரே கோயில்தான் அண்ணே. காணி யாருடையது?

புதுக்கடை
சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். சர்வதேச தொழில் அமைப்பின் 95ஆம் இலக்கச் சமவாயம் 1949இல் வந்தது. சம்பளம் காசாகத்தான் கொடுக்கப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. வழக்கம் இருக்கிற தொழில்களில் ஒரு பகுதியைப் பொருளாகக் கொடுக்க அனுமதி உண்டு. ஆனால் பொருள் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் உண்மையில் பயன்பட வேண்டும், அதற்குப் போடுகிற பெறுமதி நியாயமாக இருக்க வேண்டும். சாராயத்தைச் சம்பளமாகக் கொடுக்கவே முடியாது. நம் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டமும் அதற்குள் வரும் தொழில்களுக்குச் சட்டபூர்வ நாணயத்தில் கொடுக்கச் சொல்கிறது. வெள்ளவத்தை வாசியின் வளவு இதற்குள் வருமா என்றால், வராது என்றுதான் நினைக்கிறேன். இது தொழில் தருநர் உறவு இல்லை, இரண்டு வீட்டுக்காரர் பேசிக்கொண்ட ஒப்பந்தம். என்றாலும் அந்த "நியாயமான பெறுமதி" என்ற அளவுகோலைக் கையில் வைத்துப் பாருங்கள்.

மட்டக்குளி அக்கா
பெறுமதி என்று வந்ததால் நான் உள்ளே வருகிறேன். எங்கள் மாமா விறகு விற்கிற விறகுக்காலை வைத்திருந்தவர். எல்லாரும் விறகு விறகு என்கிறீர்கள், எந்த விறகு என்று ஒருத்தரும் கேட்கவில்லையே!

பாலை, வீரை என்றால் பேச்சே வேண்டாம், தணல் நின்று எரியும். வேம்புக் கொப்பு பரவாயில்லை. மா புகையும். கிளுவை அடுப்புக்கு ஆகாது, வேலிக் கதியாலுக்குத்தான் ஆகும். சீமைக்கிளுவை காய்ந்தால் எரியும், அதன் குழையை ஆட்டுக்குப் போடலாம். பச்சையாக வெட்டின மரத்தின் நிறையில் பாதிக்குக் கிட்ட தண்ணீர். மாமா பச்சை விறகை அந்தர் கணக்கில் வாங்கவே மாட்டார். ஓர் அந்தர், அதாவது 112 இறாத்தல், நிறுத்து வாங்கிக் காயப்போட்டு விற்றால் நட்டம் அவருக்குத்தானே. உங்கள் ஆட்கள் இன்று கொத்துகிற விறகை மழை படாமல் அடுக்கி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொத்துவதும் சும்மா இல்லை. கணு விழுந்த வேம்பில் கோடாலி இறங்காது, ஆப்பு வைத்துத்தான் பிளக்க வேண்டும்.

தம்பி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அந்த இரண்டு வேம்பின் அடிமரம் யாருக்கு?

வெள்ளவத்தை வாசி
அடிமரம் எங்களுக்கு. அது விறகு இல்லையே அக்கா, பலகை மரம். மரக்காலைக்குப் போட்டால் கதவு நிலைக்கு எடுப்பார்கள். கொப்பு முழுக்க அவர்களுக்கு, மாவும் அவர்களுக்கு. இதை முதலே பேசித்தான் ஒத்துக்கொண்டோம்.

கொட்டாஞ்சேனைத் தோட்டத்தான்
வந்துவிட்டது கதை வெளியே! மரத்தைத் தறிப்பது அவர்கள், கொப்புக் கழிப்பது அவர்கள், பற்றையில் பாம்பு தேள் பார்ப்பது அவர்கள், வேலி அடைப்பதும் அவர்கள். விலை போகிற பாகம் உங்களுக்கு. அவர்கள் கையில் மிஞ்சுவது புகைகிற மாவும் நாலு கொப்பும். தங்கச்சி சொன்னது சரி.

வெள்ளவத்தை வாசி
மரம் எங்கள் தாத்தா வைத்தது. அதையும் கொடு என்றால் எப்படி? கூலிக்கு ஆள் பிடித்தால் கொப்பும் எனக்குத்தானே. நான் அதை விட்டுக்கொடுக்கிறேன். அவர்கள் அதைப் பாண் போறணைக்கு விற்பார்களோ வீட்டில் எரிப்பார்களோ, நான் கேட்கப் போவதில்லை.

வன்னியான்
போறணைக்குப் போட்டால் நல்ல காசு. 2022 சித்திரையில் 12.5 கிலோ கேஸ் 4,860 ரூபாய்க்குப் போனபோது கொழும்பில் எத்தனை பேர் விறகுக்கு அலைந்தீர்கள்? அப்போது யாராவது இதைப் பெறுமதி இல்லாத பொருள் என்று சொன்னீர்களா?

மட்டக்குளி அக்கா
அலைந்தோம். பிளாட் பல்கனியில் மூன்று கல் வைத்துச் சமைத்தவர்களையும் கண்டேன், கண் எரிய எரிய. அந்த வருசம் ஆவணியில் மண்ணெண்ணெயும் 87இலிருந்து 340க்கு ஏறிவிட்டது. தட்டுப்பாட்டுக் காலத்து விலையை வைத்து இப்போதைய வேலைக்குக் கணக்குப் போடாதீர்கள். ஊரில் கொஞ்சம் கையில் காசு வந்ததும் பெண்கள் முதலில் வாங்க நினைப்பது கேஸ் அடுப்புத்தான். விறகு அவர்களுக்குக் காசை விடப் பெரிது என்று முடிவெடுத்தது யார்? பேச வந்தது வீட்டு ஆம்பிளையா, அடுப்பூதுகிற மனிசியா?

வெள்ளவத்தை வாசி
தொலைபேசியில் பேசினது அந்த அக்காதான். ஆட்டுக்குக் குழையும் கேட்டா. அதனால்தான் சொல்கிறேன், அவர்கள் ஒன்றும் தெரியாத ஆட்கள் இல்லை.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். பற்றை வெட்டுவதற்கும் கொப்புக் கழிப்பதற்கும் விறகும் குழையும். தறிக்கிற வேலையும் வேலி அடைப்பும் தனி, அதற்கு அங்கே போகிற நாள்கூலி காசாக. மரக்காலைக்காரர் அடிமரத்துக்குத் தருகிற பணத்திலிருந்து கொடுக்கலாம். இதற்கு மேல் என்னால் முடியாது.

கொட்டாஞ்சேனைத் தோட்டத்தான்
அடிமரத்துக்கு விலை பேசும்போது அவர்களையும் பக்கத்தில் வைத்துப் பேசுங்க அண்ணே. மரம் எவ்வளவுக்குப் போனது என்று தெரிந்தால் அடுத்த முறை அவர்களே தங்கள் பங்கைப் பேசிக்கொள்வார்கள்.

வன்னியான்
பேசட்டும். ஆனால் காசு என்று தொடங்கினால் அதற்குப் பிறகு வேலி விழுந்ததைச் சொல்லவும் ஒருத்தர் தொலைபேசி எடுக்க மாட்டார். இப்போதே சொல்லிவைக்கிறேன்.

புதுக்கடை
அந்தப் பயத்தில்தான் சும்மா வேலை வாங்குகிறோம் என்றால் அதையும் கூலிக் கணக்கில் போட வேண்டும் அண்ணை. அதை விடுங்கள். வெள்ளவத்தை வாசி, கோடாலி வைப்பதற்கு முன் மரத்தை ஏற்றிச் செல்ல அனுமதி தேவையா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வளவில் பலா, பெண்பனை ஏதும் நின்றால் கை வைக்க வேண்டாம், அவற்றைத் தறிக்க அனுமதி கட்டாயம் வேண்டும்.