அம்னீசியா: எண்ணெய் தீராத விளக்கில் என்ன பயம்?

2012 கோடை, மேற்கு மாம்பலம். தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். தம்பியும் நானும் மாற்றி மாற்றி ‘அம்னீசியா: தி டார்க் டிசென்ட்’ என்ற திகில் கம்ப்யூட்டர் கேமை ஆடிக்கொண்டிருந்தோம். வெள்ளம் நிற்கும் அந்த நிலவறை நினைவிருக்கிறதா? ஜந்து கண்ணுக்கே தெரியாது, சளப் சளப் என்று தண்ணீர் தெறிப்பது மட்டும் நம்மை நோக்கி வரும். பெட்டிக்குப் பெட்டி தாவிக்கொண்டிருக்கிறேன், கரண்ட் போச்சு. ஃபேன் நின்ற நிசப்தத்தில் யூபிஎஸ் கீங் கீங் என்கிறது, ஸ்பீக்கரில் சளப் சளப். தம்பி காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டான். கீழே இருந்தது காய்ந்த மொசைக் தரைதான். யூபிஎஸ் உயிரோடு இருக்கும்போதே கரையேறிவிடலாம் என்று ஓடினேன். முடியவில்லை.

அந்த கேமின் சூட்சுமமே எண்ணெய்தான். விளக்கை ஏற்றினால் எண்ணெய் தீரும், ஜந்துவுக்கும் நம்மைத் தெரிந்துவிடும். அணைத்தால் கேமின் நாயகன் டேனியலுக்குப் புத்தி பேதலிக்கும். ரேஷன் மண்ணெண்ணெய் மாதிரி அளந்து அளந்து செலவழித்தேன்.

2013-ல் இரண்டாம் பாகம் ‘எ மெஷின் ஃபார் பிக்ஸ்’ வந்தது. முதல் பாகத்தைச் செய்த ஃப்ரிக்‌ஷனல் தானே செய்யாமல் தி சைனீஸ் ரூம் என்ற வேறு நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. 1899 லண்டன், வீட்டுக்கு அடியில் ராட்சத இயந்திரம். எழுத்தும் இசையும் முதல் பாகத்தைவிட ஒரு படி மேல், அதை மறுக்கமாட்டேன். ஆனால் கையில் இருப்பது மின்சார விளக்கு, தீரவே தீராது. எண்ணெயும் கிடையாது, புத்தி பேதலிப்பதும் கிடையாது. பன்றி மனிதன் பக்கத்தில் வந்தால் விளக்கே மினுக்கி எச்சரித்துவிடும். அப்புறம் என்ன பயம்? ஒரே ராத்திரியில் முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

உங்கள் அனுபவம் எப்படி?

* * *

எனக்கு நேர்மாறு ப்ரோ. எங்கள் வீடு பெரம்பூர் ஆட்டுத்தொட்டிப் பக்கம். விடிவதற்கு முன்னால் வண்டியில் வந்து இறங்கும் ஆடுகளின் சத்தத்தில்தான் எழுந்து பள்ளிக்கூடம் போவேன். முதல் பாகத்தில் அலறினேன், சிரித்தேன், மறந்துவிட்டேன். இரண்டாவதில் இயந்திரத்துக்குள்ளிருந்து வந்த பன்றிகளின் ஓலத்தைக் கேட்டபிறகு ஒரு வாரம் கறிச்சோறு இறங்கவில்லை. அதற்குப் பயம் என்று பெயரா, தெரியவில்லை.

* * *

அண்ணா, நீங்கள் தேடும் எண்ணெய் அதே வரிசையில் 2023-ல் வந்த ‘தி பங்கர்’ கேமில் இருக்கிறது. முதல் உலகப்போர்ப் பதுங்குகுழி. ஜெனரேட்டருக்கு எரிபொருள் ஊற்றினால்தான் வெளிச்சம், அது தீரும் நேரத்தைப் பாக்கெட் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே அலைய வேண்டும். டார்ச்சோ கயிற்றை இழுத்தால்தான் எரியும், அந்தச் சத்தத்துக்கே ஜந்து வந்துவிடும்.

நான் அதைப் பாதி ஆடியிருந்தபோதுதான் மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் அபார்ட்மென்ட் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். இரண்டாம் நாள் ராத்திரி ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து, லிஃப்ட், விளக்கு எல்லாம் நின்றன. மெழுகுவத்தியோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே இருட்டில் சளப், சளப். யாரது என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

வாட்ச்மேன் தாத்தா, தோளில் டீசல் கேன். “ஏன் தம்பி இப்படி முழிக்கிற, கொஞ்சம் பிடி” என்றார்.