கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்: முக அடையாளமா, தேர்வு அட்டவணையா?

கடைசி_பெஞ்ச்:
நாங்கள் நான்கு பேர். பத்து நாளில் தலைப்பு கொடுக்க வேண்டும். முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர்தான் செய்ய வேண்டும் என்று இரண்டு பேர் நிற்கிறார்கள். துறைக்குத் தேர்வு அட்டவணை போட்டுத் தரும் சாஃப்ட்வேர் செய்யலாம் என்பது என் கட்சி. கூட ஒருத்தி இருக்கிறாள். "அட்டவணை எல்லாம் பழைய காலத்துச் சரக்கு, இன்டர்வியூவில் சொன்னால் சிரிப்பார்கள்" என்று எதிர்க்கட்சி சொல்கிறது. எங்களில் ஒருவன் நன்றாகக் கோட் எழுதுவான், இரண்டு பேர் பைத்தானில் ஒப்பேற்றுவோம், ஒருவர் இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டும். எதை எடுக்கலாம்?

மாடல்_மணி:
முகம்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ரெஸ்யூமேயை ஒரு நிமிடம்கூடப் பார்க்காத உலகம் இது. அந்த ஒரு நிமிடத்தில் "நியூரல் நெட்வொர்க்" என்ற வார்த்தை கண்ணில் பட வேண்டும். டெமோவும் கலகலப்பாக இருக்கும், கேமரா முன்னால் ஆளை நிறுத்தினால் பெயர் வரும். அட்டவணை என்பது நாலு ஃபார்ம், ஒரு டேட்டாபேஸ். நூலக மேலாண்மை ப்ராஜெக்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

வெளித்_தேர்வாளர்:
வருடா வருடம் வைவாவில் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் கேமரா டெமோவை நிறையப் பார்த்துவிட்டேன். குழுவில் இருக்கும் நாலு பேரின் முகத்துக்கு அழகாக வேலை செய்யும். வகுப்பில் 60 பேர் என்று வையுங்கள். ஒரு முகத்துக்கு 98 சதவீதம் சரி என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தினமும் சராசரியாக ஒருவருக்காவது தப்பு விழும். 60 பேரும் சரியாகப் பதிவாகும் நாள், பத்தில் மூன்றுதான். வந்தவனுக்கு ஆப்சென்ட் போடும் கருவியை யார் வைத்துக்கொள்வார்கள்?

அடுத்து, "இதில் நீங்கள் செய்தது என்ன?" என்று கேட்பேன். ரெடிமேட் லைப்ரரியை இறக்கிப் பத்து வரி எழுதியிருப்பார்கள். அங்கே மௌனம் தொடங்கும்.

மாடல்_மணி:
சார், நீங்கள் சொன்ன கணக்கே ஒரு நல்ல ப்ராஜெக்ட் அல்லவா? எந்த வெளிச்சத்தில் தப்புகிறது, கண்ணாடி போட்டால் என்ன ஆகிறது, போனில் இருக்கும் ஃபோட்டோவைக் காட்டி ஏமாற்ற முடிகிறதா என்று அளந்து எழுதினால் அது ஆராய்ச்சி. மாணவர்கள் அரைகுறையாகச் செய்வது தலைப்பின் குற்றமா?

வெளித்_தேர்வாளர்:
அப்படி ஒரு குழு அளந்து கொண்டுவந்தால் எழுந்து நின்று மார்க் போடுவேன். அதற்கு 60 பேரின் முகப்படம் வேண்டும், ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். அந்தப் படங்கள் யாருடைய லேப்டாப்பில் இருக்கும், ப்ராஜெக்ட் முடிந்ததும் யார் அழிப்பார்கள் என்று கேட்டால் இதுவரை ஒருவரும் பதில் வைத்திருந்ததில்லை.

ஷார்ட்கட்_ராஜா:
இரண்டும் வேண்டாம் ப்ரோ. கேகில் என்ற டேட்டா தளத்தில் கிரெடிட் கார்டு மோசடி டேட்டா இருக்கிறது, யார் சம்மதமும் வேண்டாம். என் சீனியர் செய்தார், 99 சதவீதத்துக்கு மேல் துல்லியம் வந்தது.

வெளித்_தேர்வாளர்:
ராஜா, அதில் 2,84,807 பரிவர்த்தனைகள். மோசடி வெறும் 492. கண்ணை மூடிக்கொண்டு "எதுவுமே மோசடி இல்லை" என்று ஒரே ஒரு வரி கோட் எழுதினால் 99.8 சதவீதம் வரும், ஒரு திருடனும் சிக்க மாட்டான். அந்த 492-இல் எத்தனை பிடித்தீர்கள், அதற்காக எத்தனை நல்லவர்களைச் சந்தேகித்தீர்கள் என்று உங்கள் சீனியரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

நிறம்தீட்டி:
அட்டவணையை ஃபார்ம் வேலை என்று மணி சொன்னதால்தான் வந்தேன். ஒவ்வொரு தாளும் ஒரு புள்ளி. இரண்டு தாளையும் எழுதும் மாணவர் ஒருவராவது இருந்தால் இரண்டு புள்ளிக்கும் இடையே ஒரு கோடு. கோட்டால் இணைந்த புள்ளிகளுக்கு ஒரே நிறம் கூடாது. நிறம்தான் தேர்வு வேளை. குறைந்த நிறத்தில் முடித்தால் குறைந்த நாளில் தேர்வு முடியும். இத்தனை நிறத்துக்குள் முடியுமா என்ற கேள்வி 1972-இல் ரிச்சர்ட் கார்ப் வெளியிட்ட 21 கடினமான கணக்குகளில் ஒன்று. இப்படிப் புள்ளியும் கோடுமாக வரும் எல்லா வலைகளுக்கும் வேகமாகச் சரியான விடை தரும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை.

இதில் சுவையே அரியர்தான். எல்லோரும் பாஸ் என்றால் இரண்டாம் ஆண்டுத் தாளும் மூன்றாம் ஆண்டுத் தாளும் மோதவே மோதாது. ஆண்டுக்கு ஒரு தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்துவிடும், பத்து நிமிட வேலை. மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்து முதல் ஆண்டுக் கணிதத்தைத் திரும்ப எழுதும் புண்ணியவான்கள்தான் குறுக்குக் கோடுகளைப் போட்டு வலையைச் சிக்கலாக்குகிறார்கள்.

செய்து பார்க்கவும் ஏணிப்படி இருக்கிறது. அதிகக் கோடு உள்ள புள்ளியை முதலில் தீட்டுவது 1967-இல் வெல்ஷும் பவலும் சொன்ன வழி. சுற்றிலும் அதிக வகை நிறம் விழுந்துவிட்ட புள்ளியை அடுத்து எடுப்பது 1979-இல் பிரெலாஸ் சொன்னது, டிசாட்டர் என்பார்கள். இரண்டையும் எழுதி ஒப்பிடுங்கள். 1996-இல் கார்ட்டர் குழு வெளியிட்ட 13 நிஜத் தேர்வுத் தொகுப்புகள் பொதுவில் கிடைக்கின்றன. உங்கள் விடை உலகத்தின் விடைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

மாடல்_மணி:
அருமையான பாடம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த மாதிரிக் கணக்குக்கு விடை தேடும் சால்வர், கூகுளின் ஓஆர்-டூல்ஸ் லைப்ரரியை இறக்கினால் 40 தாளுக்கு அதுவே விடை சொல்லிவிடும். முகத்துக்கு லைப்ரரி போட்டால் பத்து வரித் திருட்டு, அட்டவணைக்கு லைப்ரரி போட்டால் கலையா? தராசு ஒரு பக்கமாகச் சாய்கிறதே.

நிறம்தீட்டி:
நியாயமான குத்துதான். என் பதில் முழுமையானது என்று சொல்ல மாட்டேன். சால்வர் விடை தேடும், சரி. எதைத் தேட வேண்டும் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். லேப் தேர்வுக்கு எத்தனை கம்ப்யூட்டர், பார்வைக் குறைபாடுள்ளவருக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் அடுத்த வேளை இடிக்குமா, இதெல்லாம் எந்த லைப்ரரிக்கும் தெரியாது. முகத்தில் உள்ளே போவது ஃபோட்டோ, வெளியே வருவது பெயர். நடுவில் நீங்கள் கைவைக்க இடம் குறைவு.

மாடல்_மணி:
நடுவில் கைவைக்காதவன் சோம்பேறி. அவ்வளவுதான்.

போன_வருஷம்_முடித்தவள்:
இருவரும் தலைப்பையே பிடித்துத் தொங்குகிறீர்கள், குழுவைப் பார்க்கவில்லை. எங்கள் கதை: தலைப்பு பிரமாதம், கைடு தலையாட்டினார், ஓர் அலுவலகம் டேட்டா தருகிறோம் என்றது. இன்று நாளை என்று இரண்டு மாதம் போனது. வந்தது ஸ்கேன் செய்த காகிதம். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து டைப் அடித்தோம். டேட்டா கைக்கு வந்த பிறகு தலைப்புக் கொடு தம்பி, அதற்கு முன்னால் வேண்டாம்.

அடுத்தது, ஒருவன் கோட் எழுத மூன்று பேர் பிபிடி செய்யும் குழு ஆகிவிடாதீர்கள். முகம் எடுத்தால் உங்களுக்கு அதுதான் நடக்கும். அட்டவணையைப் பிரிக்கலாம். ஒருவர் டேட்டாவைச் சுத்தம் செய்ய, ஒருவர் நிறம் தீட்ட, ஒருவர் திரை. நான்காவது ஆள் விடையைச் சரிபார்க்கும் நிரலைத் தனியாக எழுத வேண்டும், தீட்டியவரின் நிரலைப் பார்க்காமல். புதிதாக ஆரம்பிப்பவருக்கு அதைக் கொடு. ஒவ்வொரு மாணவராக எடுத்து ஒரே வேளையில் இரண்டு தாள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான், ஒரு லூப் போதும். ஆனால் எங்கள் ப்ராஜெக்டில் அப்படி ஒன்று இருந்திருந்தால் வைவாவில் மானம் போயிருக்காது.

ஷார்ட்கட்_ராஜா:
சீனியரிடம் கேட்டேன். 492-இல் எத்தனை என்று அவர் எண்ணவே இல்லையாம்.

கடைசி_பெஞ்ச்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். அக்கா சொன்னபடி முதலில் தேர்வுப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா போன பருவத்தின் பதிவுப் பட்டியலைப் பதிவெண்ணை நீக்கிவிட்டுக் கொடுத்தார், எக்செல் கோப்பாகவே. 43 தாள். டிசாட்டரை ஒரே சாயங்காலத்தில் எழுதிவிட்டோம். அவர்கள் 14 வேளையில் நடத்திய தேர்வு எங்களுக்கு 11-இல் அடங்கியது. துள்ளிக் குதித்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்தப் பையனுக்குக் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று. இவன் எப்போது படிப்பான்?" என்றார். வாயடைத்துப் போனேன். இடைவெளியை எப்படிக் கணக்கில் சேர்ப்பது? முகக் கட்சியில் ஒருவன் இந்தப் பக்கம் வந்துவிட்டான், இன்னொருவன் இன்னும் முறைக்கிறான்.

நிறம்தீட்டி:
கார்ட்டர் குழு வைத்த அபராதம் இருக்கிறது. ஒரு மாணவரின் இரண்டு தாள் அடுத்தடுத்த வேளையில் விழுந்தால் 16. ஒரு வேளை தள்ளித் தள்ளிப் போகப் போக 8, 4, 2, 1. அதற்கும் மேல் தள்ளினால் சுழியம். எல்லோருக்கும் கூட்டி, மாணவர் எண்ணிக்கையால் வகுத்துவிடு. 11 வேளையில் ஒரு மதிப்பு, 14-இல் ஒரு மதிப்பு போட்டுப் பார். அந்த அம்மாவின் 14 ஏன் 14 என்று புரியலாம்.

மாடல்_மணி:
முறைக்கிறவனிடம் சொல், நான் இன்னும் அவன் கட்சிதான். அந்த எக்செல் கோப்பை மட்டும் எனக்கும் அனுப்பு. 14 வேளைக்குள்ளேயே அந்த அபராதத்தை உன்னைவிடக் கீழே இறக்கிக் காட்டுகிறேன்.